கையெழுத்துப் போடாத பங்காளிகள்

பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. மேலே வைத்தால் செம்பனார்கோயிலில் ஏறுகிற கூட்டத்தில் யார் பை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வாடை அடிக்கிறதா? அன்னக்கூடையைக் கழுவித்தான் கொண்டுவருகிறேன். மீன் விற்றவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். கண்டக்டர் முறைக்கிறான் பாருங்கள். முறைக்கட்டும், நானும் டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தரங்கம்பாடியில் தங்க இடம் கிடைக்குமா என்றுதானே கேட்டீர்கள். என் வீட்டு மாடியிலேயே ஓர் அறை இருக்கிறது. ஆனால் நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று தெரியாமல் நான் எப்படித் தருவேன்? கோட்டை பார்க்க வருகிறேன் என்கிறீர்கள். எல்லாரும் கோட்டை பார்க்கத்தான் வருகிறார்கள். துவாரகனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கதையைக் கேட்டால் நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஊர் வர இன்னும் நேரம் இருக்கிறதே.

என் பெயர் தையல்நாயகி. சுனாமிக்கு முன்னால் எங்கள் வீடு கரையோரம், மணல்மேல் இருந்தது. அலை அடித்துக்கொண்டு போன பிறகு அரசாங்கம் உள்ளே தள்ளி ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. கொடுத்த கையோடு, கரையோரத்து மனையை விட்டுவிடு என்றது. நான் விடவில்லை. அங்கே நாலு கழி நட்டு, கீற்றுப் போட்டு, கருவாடு காயவைக்கிறேன். பட்டா கிடையாது. மாமியார் காலத்திலிருந்து ஆண்டு அனுபவித்து வருகிறோம், அவ்வளவுதான். கடற்காரிக்குக் கடல் எதிரில் ஒரு சாண் இடம் வேண்டும், அம்மா. அது போய்விட்டால் நான் சந்தையில் வாங்கி விற்கிற வியாபாரி. அந்த மனைமேல்தான் என் உயிர். அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

புது வீட்டின்மேல் என் மகன் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து ஓர் அறை கட்டினான். அதில்தான் துவாரகன் வந்து தங்கினான். சிலோன் தமிழன். ஆனால் சின்ன வயதிலேயே நார்வேக்குப் போய்விட்டானாம், பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையது. இங்கே வந்து டேனிஷ்காரன் கோட்டையைப் பார்க்கிறேன் என்கிறான். சிலோன், நார்வே, டென்மார்க், தரங்கம்பாடி. ஓர் ஆளுக்கு எத்தனை ஊர் ஒட்டும்? எனக்கு அன்றைக்கே உறுத்தியது. முகம் பார்த்தால் பாவமாக இருந்தது என்பது வேறு. பாவமாக இருக்கிற முகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கோட்டை பார்க்க வந்தவன் கோட்டையைப் பார்த்தால் சரி. இவன் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பான். விடிந்ததும் கரைக்குப் போய், மாசிலாமணிநாதர் கோயிலிலிருந்து காலால் எட்டு வைத்து அளந்துகொண்டே வருவான். அந்தக் காலத்தில் கடல் எதுவரை இருந்தது, பழைய மதில் எங்கே ஓடியது, படகு எங்கே ஒதுங்கும் என்று வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்பான். ஒருநாள் என் கீற்றுக்கொட்டகை வாசலில் நின்று, “அம்மா, இது ஆற்ற இடம்?” என்று கேட்டான். யாருடைய இடம் என்று கேட்கிறான். என் இடம்தான் என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.

சாயங்காலமானால் மாடியில் உட்கார்ந்து போனில் முகம் பார்த்துப் பேசுவான். அந்தப் பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், அம்மா, ஆனால் காது எனக்கு நன்றாகக் கேட்கும். ஏலம் கூறுகிற இடத்தில் வளர்ந்த காது. அந்த மூன்று பேரும் பேசுவது ஒரே பாஷை இல்லை. ஒருத்தன் வாயில் வெற்றிலைச் சாற்றை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுவான். இன்னொருத்தன் இழுத்து இழுத்து, தாலாட்டுப் பாடுகிற மாதிரி. இவன் நடுவில், கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி நறுக்கு நறுக்கென்று. மூன்றும் வேறு. ஆனால் ஒருத்தன் சொன்னால் மற்ற இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஒருத்தர் பாஷையை ஒருத்தர் பேசவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் புரிகிறது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி.

கேட்டேன். சோறு போடும்போது கேட்டால் ஆண்பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். கெளுத்திக் குழம்பு ஊற்றிக்கொண்டே, அவர்கள் யார் தம்பி என்று கேட்டேன். ஒருத்தன் டென்மார்க்காம், ஒருத்தன் சுவீடனாம். கூடப் படித்தவர்களாம். தான் ஒரு கதை எழுதுவதாகவும், அவர்கள் அதற்கு உதவி செய்வதாகவும் சொன்னான். என்ன கதை என்றேன்.

“அந்த மூண்டு நாடும் முந்தி ஒண்டாத்தான் அம்மா இருந்தது. ஒரு ராணி மூண்டையும் சேர்த்து வச்சிருந்தவ. பிறகு பிரிஞ்சு போட்டினம்.”

“ஏன் பிரிஞ்சாங்க?”

“ஆர் பெரியாள் எண்ட பிரச்சினைதான்.”

“எங்க வீட்டுக் கதைதான். சரி, அதுக்கும் எங்க ஊருக்கும் என்ன?”

“அவையள் பிரியாமல் ஒரே நாடா இருந்திருந்தால், டேனிஷ்காரன் இந்த ஊரை இங்கிலீஷ்காரனுக்கு வித்திருக்க மாட்டான். வைச்சுக் காப்பாத்துற பலம் இருந்திருக்கும். இண்டைக்கும் இஞ்ச அவையின்ர கொடிதான் பறந்திருக்கும். அதைத்தான் எழுதுறன்.”

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது இந்த ஊரை விற்றது டென்மார்க்குக்காரன் மட்டும்தானா, மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லையா என்று கேட்டேன்.

“அவையளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் மட்டும்தான் வித்தவன்.”

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கத்தோடு சேர்த்து அண்ணன் தம்பி மூன்று பேர். பொறையாறு சாலையில் அவர்களுக்குத் தென்னங்கொல்லை ஒன்று பொதுவில் இருந்தது. மூத்தவர் யாரிடமும் சொல்லாமல் அதை ஒரு செட்டியாருக்குக் கிரயம் பண்ணிவிட்டார். செட்டியார் வேலி போட்டு, தேங்காய் பறித்து, இளநீரும் விற்றுவிட்டார். நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். பங்காளிகள் கையெழுத்து இல்லாத கிரயம் அவர்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. செட்டியார் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அது கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்று நான் படித்த படிப்பு.

இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று பேர் ஒரு தாய்ப் பிள்ளைகள். சொத்து பொது. ஒருத்தன் மட்டும் விற்றான். கையெழுத்துப் போடாத பங்காளிகள் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். விற்றவனும் விற்காதவர்களும் இத்தனை காலம் கழித்து ஒன்றுசேர்ந்து தினமும் போனில் சிரித்துக்கொள்கிறார்கள். அதில் ஒருத்தன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு பையன் என் மாடியில் உட்கார்ந்து கரையை அளக்கிறான். பிரிந்த பங்காளிகள் சும்மா ஒன்றுசேருவார்களா, அம்மா? சொத்து இருந்தால்தான் சேருவார்கள். வேறு எதற்காவது சேர்ந்த குடும்பத்தை நீங்கள் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

செம்பனார்கோயில் வந்துவிட்டது. பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவனே என்னைக் கூப்பிட்டான். தரையில் பெரிய தாளை விரித்து ஊரை வரைந்திருந்தான். தன் கதையில் ஊர் இப்படித்தான் இருக்குமாம், தெரு ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லச் சொன்னான். ஒளிக்காமல் காட்டுகிறான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கோட்டை இருக்கிறது. கோயில் இருக்கிறது. ராஜா தெரு இருக்கிறது. என் கொட்டகையைக் காணோம். கொட்டகை இருக்கிற இடத்தில் தூண் வைத்த ஒரு பெரிய கட்டடம், உச்சியில் கொடி. இது என்ன தம்பி என்றேன். கடல் வழியாக வருகிறவர்கள் இறங்கி முதலில் நுழைகிற மண்டபம் என்றான். ஏன் அந்த இடத்தில் என்றேன். அங்கேதான் கரை சரிவாக இல்லாமல் இருக்கிறது, படகு ஒதுங்க வசதி என்றான். அது எனக்குத் தெரியாதா? அதனால்தானே என் மாமியார் அங்கே குடிசை போட்டாள்.

நேராகப் பக்கிரிசாமி நாட்டாரிடம் போனேன். எங்கள் மீனவப் பஞ்சாயத்துக்கு அவர்தான் தலை. விஷயத்தைச் சொன்னேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். ஊரை விற்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இனிமேல் யார் கேட்பார்கள் என்றார். செட்டியாரும் அப்படித்தான் சொன்னார் என்றேன். அதற்குமேல் அவர் பல் குத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள், கோயில் மண்டபத்துக்கு அவனைக் கூட்டிவரச் சொன்னார்.

பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவது வழக்கம் இல்லை. நான் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். கை கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தாளையும் கொண்டுவந்திருந்தான்.

நாட்டார் விசாரித்தார். அவன் எனக்குச் சொன்னதையே சொன்னான். மூன்று நாடு, ஒரு ராணி, பிரிந்தது, பிரியாமல் இருந்திருந்தால் என்று. ஆண்பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சின்னமணி என்று ஒருத்தர், வாய் சும்மா இருக்காது, அவர் சொன்னார்: “மூணு நாடு ஒண்ணா சேர்றதா? ஒரு வலை விஷயத்துல நாமளும் பக்கத்து ஊர்க்காரனும் ஒரு பந்தல்ல உக்கார முடியல. தம்பி நல்லா கதை எழுதுது.”

நான் தூணிலிருந்தே சொன்னேன். சிரிக்கிறது இருக்கட்டும், என் மனையில் ஏன் கட்டடம் போட்டான், அதைக் கேளுங்கள் என்றேன். நாட்டார் கேட்டார்.

அவன் தாளை விரித்து அந்தக் கட்டடத்தின்மேல் விரலை வைத்தான். பிறகு சொன்னான்: “என்ர அம்மாவும் தங்கச்சியும் அதிலதான் வந்து இறங்கீனம்.”

எங்கேயிருந்து என்று கேட்டார் நாட்டார். வல்வெட்டித்துறையிலிருந்து என்றான். சண்டைக் காலத்தில் இவனை அப்பாவோடு முன்னாலேயே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மாவும் எட்டு வயசுத் தங்கச்சியும் பிறகு படகேறினார்களாம், வேதாரண்யத்துக்கு என்று சொல்லி. இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார் நாட்டார்.

“கடலுக்கதான் ஐயா.”

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான். உள்ளபடி நடந்ததை எழுத அவனுக்குக் கை வரவில்லையாம். எதை மாற்றினால் அந்தப் படகு கரை சேரும் என்று யோசித்தானாம். சண்டையை மாற்றிப் பார்த்தானாம், முடியவில்லையாம். காற்றை மாற்றிப் பார்த்தானாம், கரைக்கு வந்தாலும் யார் உள்ளே விடுவார்கள், எந்த முகாமில் அடைப்பார்கள் என்று பயம் வந்ததாம். கடைசியில், தான் போய்ச் சேர்ந்த நாடே இந்தக் கரையில் இருந்திருந்தால் என்று நினைத்தானாம். அதற்கு இந்த ஊர் விற்கப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு அந்த மூன்று நாடும் பிரியாமல் இருக்க வேண்டும். அதனால் அறுநூறு வருஷம் பின்னோக்கிப் போய் ஒரு ராணியின் காலத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன் என்றான்.

ஒரு படகைக் கரையேற்ற எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறான் பாருங்கள். இவ்வளவு சுற்றுகிறவனை எப்படி நம்புவது?

ஆனால் எங்கள் ஆண்பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். கடற்காரனிடம் படகு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் பஞ்சாயத்தையும் மறந்துவிடுவான். எந்த மாசம் என்று கேட்டார் ஒருத்தர். ஆனி என்றான். ஆனியில் சோழகம் அடிக்கும், தெற்கிலிருந்து தள்ளும் என்றார் இன்னொருத்தர். எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நின்றுவிட்டது என்று பிழைத்து வந்த ஒருத்தர் பிறகு சொன்னாராம்.

“அப்ப அது எங்க வேதாரண்யம் போவும்?” என்றார் சின்னமணி. “சோழகத்துல எஞ்சின் நின்ன படகு வடக்கதான் ஏறும். கோடிக்கரையைத் தாண்டிட்டா, நாகப்பட்டணம், காரைக்கால், அப்புறம் நாமதான்.”

இன்னொருத்தர் இல்லை, அது இன்னும் வெளியே ஓடியிருக்கும் என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். நாட்டார் எழுந்து வந்து மண்டபத் தரையில் உட்கார்ந்து, விரலால் கோடு போட்டுக் காட்டினார். கரைக்குக் கிட்டே அலை உடைகிற இடம் ஒன்று இருக்கிறது, நேராக விட்டால் கவிழ்ந்துவிடும், கொஞ்சம் ஒருச்சாய்த்து விட வேண்டும் என்றார். ஆளுக்கு ஆள் குனிந்துகொண்டார்கள். ஒருத்தர் படகைத் திருப்புகிறார், ஒருத்தர் துடுப்பைப் போடச் சொல்கிறார், ஒருத்தர் பொம்பிளைகளை நடுவில் உட்காரச் சொல்கிறார். இல்லாத படகு, அம்மா. என்றைக்கோ போன படகு. அதற்கு இத்தனை பேர் வேர்த்து வழிகிறார்கள்.

நாட்டார் தலையைத் தூக்கி அவனைக் கேட்டார்: “கரையில கயிறு புடிச்சது யாரு?”

“அது நான் எழுதேல்ல ஐயா.”

“எழுது. நாங்க புடிச்சோம்னு எழுது.”

அவன் தலையை ஆட்டினான். பார்த்தீர்களா? விசாரிக்க உட்கார்ந்த பஞ்சாயத்தைக் கயிறு பிடிக்க வைத்துவிட்டான். சாட்சிக்கு இனி இருபது பேர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டார்களா? கடலில் போனவர்களுக்குக் காரியம் செய்தாயா என்று நாட்டார் கேட்டார். இல்லை என்றான். அப்பா கடைசிவரை விடவில்லையாம், அவர்கள் வருவார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்து கண்ணை மூடினாராம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புறப்பட்ட கரையில் காரியம் செய்ய மாட்டோம். எந்தக் கரைக்கு வந்து சேர வேண்டுமோ அந்தக் கரையில்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வழி தெரியாமல் நிற்பார்கள். அப்படியானால் வேதாரண்யத்தில் செய்யட்டும் என்று நான் சொன்னேன். நியாயம்தானே நான் சொன்னது?

நாட்டார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எப்புடி வேதாரண்யம்? கயிறு நாமதானே புடிச்சோம்?” என்றார்.

எழுதிய கதையில் பிடித்த கயிற்றுக்கு ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு. எல்லாரும் சரி என்றார்கள். இடம் எது? கட்டடம் போட்ட இடம். என் கொட்டகை வாசல்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கட்டுப்பாடு போட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். கல் நடக் கூடாது, செங்கல் வைக்கக் கூடாது, விளக்குமாடம் கூடாது. படைத்தோமா, எடுத்தோமா என்று இருக்க வேண்டும். கல் ஒன்று நட்டுவிட்டால் அப்புறம் அது யார் இடம்? அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். கேட்டதுக்கெல்லாம் சரி சொல்கிறவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் செய்தோம். அம்மாவுக்குப் புடவை. சமையாத பெண்ணாகப் போனதால் அந்தப் பிள்ளைக்குக் கன்னி முறைப்படி பாவாடை சட்டை, வளையல், ரிப்பன். பெயர் தாரணியாம். இலை போட்டு நான்தான் சமைத்து வைத்தேன். கண்டவர்களும் என் மனையில் அடுப்பு மூட்டக் கூடாது, அதற்காக. அவன் அழவில்லை. அழுதிருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ. பாவாடை நாடாவை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் விடுகிற நேரம் வந்தபோது அவன் விரலிலிருந்து நான்தான் நாடாவை எடுக்க வேண்டியிருந்தது.

போகிற அன்று கேட்டேன். படகு வந்தது, இறங்கினார்கள், அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன ஆகிறது என்று. இங்கேயே அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளாம், நாலு பாஷை பேசுகிறாளாம், வளர்ந்து அந்த மண்டபத்துக்கே அதிகாரி ஆகிறாளாம். யார் வந்து இறங்கினாலும் பெயர் கேட்பதற்கு முன்னால் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லுவாளாம்.

“அதிகாரியா?” என்றேன்.

“ஓம் அம்மா. கொஞ்சம் கோபக்காரி. மீன்காரரோட ஒரே சண்டை.”

“எனக்குப் பட்டா குடுப்பாளா, கேட்டுச் சொல்லு.”

சிரித்தான். போனில் சிரிப்பான், என்னிடம் சிரித்தது அன்றைக்குத்தான். பட்டா கொடுத்ததாக எழுதிவிடுகிறேன் என்றான். எழுதிவிடுவானாம். அதிகாரி ஆக்குவானேன்? டீச்சர் ஆக்கலாம், நர்ஸ் ஆக்கலாம். அதை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவன் போனதும் நான் நினைத்தது நடந்தது. டேப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் இல்லை, நம் அதிகாரிகள்தான். கரையோரம் நடைபாதை போடப் போகிறார்களாம், கொட்டகையைப் பிரித்துக்கொள் என்றார்கள். ஒரு வாரம் தவணை. யார் சொல்லி வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? பங்காளிகள் மூன்று பேரும் அங்கிருந்தபடியே காய் நகர்த்தியிருப்பார்கள். மகன் போனில் சிரித்தான், அம்மா இது சுற்றுலாக்காரர்களுக்குப் போடுகிற பாதை என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

யோசித்தேன். மறுநாள் மத்தியானமே, அந்தப் பிள்ளைக்குப் படைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டேன். ஆமாம், நான்தான் நட்டேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினேன். தவணை முடிந்து அவர்கள் வந்தபோது, இங்கே கன்னி இருக்கிறாள் ஐயா, பார்த்துப் பிரியுங்கள் என்றேன். முன்னால் வந்தவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். டேப் பிடித்திருந்தவர் செருப்பைக் கழற்றினார். யாருடைய கன்னி என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? சொந்தம் என்று சொன்னால்தானே பாத்தியதை. அம்மாவோடு கடலில் போன பிள்ளை, பெயர் தாரணி, எட்டு வயசு என்றேன். சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. அதிகாரி முன்னால் அப்படிப் பேசினால்தான் எடுபடும். நடைபாதை இப்போது என் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. வந்தால் பாருங்கள்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆனியில் படைக்கிறேன். படைக்காமல் விட்டால் சும்மா நட்ட கல் என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விளக்கும் வைக்கிறேன், நாலு பேர் கண்ணில் படட்டும் என்று. போன மாசம் சின்னமணி அந்தக் கல்லின்மேல் ஈர வலையைப் போட்டுவிட்டார். பிள்ளைக்குச் சளி பிடிக்காதா என்று நான் சத்தம் போட்டதைக் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. அதுவும் இடத்துக்காகத்தான். இன்றைக்கு வலை போடுவார், நாளைக்கு வலை அவருடையது என்பதால் இடமும் அவருடையது என்பார்.

திருக்கடையூர் தாண்டிவிட்டோம். இனி நேரே ஊர்தான். அறை உங்களுக்குத் தருகிறேன். உங்கள் முகம் ஒன்றும் அவ்வளவு பாவமாக இல்லை. கரையில் மட்டும் எதையும் அளக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், படித்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்குத்தான் அந்தப் படையல். அதற்குத்தான் மீன் விற்ற கையோடு மாயவரத்தில் ஜவுளிக்கடைக்குப் போனேன். அம்மாக்காரிக்குப் புடவை எடுத்தாயிற்று. பிள்ளைக்குப் பாவாடை சட்டை எடுக்கப் போனால், எட்டு வயசு அளவு கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், எடுக்க மனசு வரவில்லை. கன்னிக்குப் பாவாடைதான் முறை. ஆனால் அவன் கதையில் அவள் வளர்ந்துவிட்டாளே. இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். நாலு பாஷை பேசுகிறவள், கோபக்காரி வேறு. பாவாடையைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன நினைப்பாள்?

கடைக்காரப் பையன் யாருக்கு என்று கேட்டான். அவனுக்கு எதற்கு அது? மகளுக்கு என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை பார்க்கிறார்கள் என்றான். அதிகாரி என்றேன். இதோ, இந்தப் புடவையைத்தான் எடுத்துக் கொடுத்தான். தொட்டுப் பாருங்கள். சரிகை இல்லாமல், சாயம் போகாததாக, ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி.